எட்டடி மேடும் ஐம்பது கிலோமீட்டர் இறக்கமும்

செட்டிநாட்டில் கார் ஓட்டப் பழகியவளுக்கு மேடு என்று சொல்லிக்கொள்ள அதிகம் கிடையாது. காரைக்குடியிலிருந்து தேவகோட்டைக்குப் போனாலும் திருப்பத்தூருக்குப் போனாலும் எங்காவது ஒரு பாலம், எங்காவது ஒரு கண்மாய்க்கரை, அவ்வளவுதான். தெருக்களில் சாய்மானம் உண்டு. ஆனால் அது மழைத் தண்ணீர் ஊருணியைப் பார்த்து ஓடுவதற்காக விட்ட சாய்மானம், காருக்குத் தெரியாது. குன்றக்குடியும் பிரான்மலையும் இருக்கின்றனவே என்றால், அங்கே படியேறுவது நாம்தான். கார் அடிவாரத்தில் நிழல் பார்த்து நின்றுகொள்ளும்.

வீட்டு வாசல்தான் விதிவிலக்கு. பழைய வீடுகள் தெருமட்டத்தைவிட நன்றாக உயர்த்திக் கட்டியவை. பின்னாளில் கார் வந்தபோது பக்கவாட்டில் ஒரு ஷெட் எழுப்பி, தெருவிலிருந்து ஷெட்டுக்கு ஒரு சிமென்ட் சாய்தளம் போட்டார்கள். எங்கள் வீட்டில் அதற்குச் 'சறுக்கு' என்று பெயர். சின்ன வயதில் அதில் சறுக்கி விளையாடினோம். ஓட்டப் பழகிய வருடம் அதே சறுக்கில் கார் என்னைச் சறுக்கவிட்டு விளையாடியது.

மலைப்பாதையில் ஓட்டப்போகிற புதியவர்களுக்கு நான் சொல்ல நினைப்பதில் பாதி அந்தச் சறுக்கிலேயே இருக்கிறது. மீதிப் பாதிக்குக் கொடைக்கானல் வரை போக வேண்டியிருந்தது.

சதவீதம் என்றால் என்ன

சாலையின் சரிவைச் சதவீதத்தில் சொல்வார்கள். 100 அடி முன்னால் போகும்போது எத்தனை அடி உயர்கிறோம் என்பதுதான் அந்தக் கணக்கு. 100 அடிக்கு 10 அடி உயர்ந்தால் 10 சதவீதம். இதையே 'பத்துக்கு ஒன்று' என்று சொல்கிற பழைய வழக்கமும் உண்டு.

இதில் எல்லாரும் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. 100 சதவீதம் என்றால் சுவர் மாதிரி செங்குத்து என்று நினைத்துக்கொள்வார்கள். இல்லை. 100 அடிக்கு 100 அடி உயர்ந்தால் அது 45 பாகைதான். 10 சதவீதம் என்பது ஆறு பாகைகூடக் கிடையாது. காகிதத்தில் வரைந்தால் 'இதுக்கா இவ்வளவு?' என்று தோன்றும். காரில் உட்கார்ந்து கீழே பார்க்கும்போதுதான் வயிறு என்னவோ செய்யும்.

வீட்டில் மராமத்து வேலைக்கு வந்திருந்த கொத்தனாரிடம் எங்கள் சறுக்கை அளந்து தரச் சொன்னேன். தண்ணீர் நிரப்பிய ட்யூபை ஒரு முனை தெருவிலும் மறு முனை ஷெட் வாசலிலும் பிடித்தார். உயரம் இரண்டடி. தரையில் நீளம் எட்டடி. எட்டுக்கு இரண்டு, அதாவது 25 சதவீதம். "என்னம்மா, இடிச்சுட்டுப் புதுசா போடணுமா?" என்று கேட்டார். கணக்குக்காகத்தான் அளக்கச் சொன்னேன் என்று சொன்னபோது அவர் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

இந்த 25 எவ்வளவு பெரிய எண் என்பது பிறகுதான் உறைத்தது. நம் நாட்டு மலைச்சாலைகளுக்கு, சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்திருக்கும் அளவு, வழக்கமாக 5 அல்லது 6 சதவீதம். வேறு வழியே இல்லாத இடத்தில் 7 அல்லது 8. கொடைக்கானலுக்கு வத்தலக்குண்டு வழியாக ஏறும்போது ஏறக்குறைய 50 கிலோமீட்டரில் 1800 மீட்டர் உயர்கிறோம். வகுத்துப் பார்த்தால் சராசரி 4 சதவீதம்கூட வரவில்லை. ஆக, எங்கள் வீட்டுச் சறுக்கு கொடைக்கானல் சாலையைப் போல ஆறேழு மடங்கு சரிவு.

உலகக் கணக்கில் பார்த்தால் நியூசிலாந்தின் டனீடன் நகரத்தில் உள்ள பால்ட்வின் தெருதான் இதில் பெரிய பெயர். அதன் மிகச் செங்குத்தான பகுதி சுமார் 35 சதவீதம். தெருவின் மேற்பகுதிக்குத் தார் போடவில்லை, கான்கிரீட். வெயில் ஏறினால் தார் இளகிக் கீழே வழிந்துவிடும் என்பதுதான் காரணம். அந்தத் தெருவில் ஆட்கள் குடியிருக்கிறார்கள், காய்கறி வாங்கிக்கொண்டு காரில் வீட்டுக்கு வருகிறார்கள். தெருவின் மொத்த நீளம் 350 மீட்டர்தான்.

அந்த 350 மீட்டரைக் கவனியுங்கள்.

செங்குத்து வேறு, நீளம் வேறு

எங்கள் சறுக்கில் பிரேக் சூடாகிக் கார் நிற்காமல் போனதாகச் சரித்திரம் இல்லை. ஆனால் அதில் ஆறில் ஒரு பங்குகூடச் சரிவில்லாத மலைப்பாதையில் இறங்கும்போது அது நடக்கிறது. ஏன்?

மேட்டில் இரண்டு விதமான தொல்லை உண்டு. செங்குத்தாக இருப்பது ஒன்று, நீளமாக இருப்பது இன்னொன்று. செங்குத்து மேடு கிளட்சையும் டயர் பிடிமானத்தையும் காரின் அடிவயிற்றையும் சோதிக்கும். ஒரு நிமிடத்தில் சோதனை முடிந்துவிடும், தேறினோமா இல்லையா என்பதும் உடனே தெரிந்துவிடும். நீளமான இறக்கம் பிரேக்கைச் சோதிக்கும். முக்கால் மணி நேரத்துக்கு ஒன்றுமே நடக்காது. பிறகு திடீரென்று நடக்கும். புதியவர்கள் பயப்படுவது முதலாவதற்கு. பயப்பட வேண்டியது இரண்டாவதற்கு.

முதலாவதை முடித்துவிடுவோம், அது சுலபம்.

சறுக்கு சொல்லித்தந்தவை

ஆயிரம் கிலோ கார் 10 சதவீதச் சரிவில் நின்றால், அதைப் பின்னுக்கு இழுக்கும் விசை ஏறக்குறைய நூறு கிலோ எடைக்குச் சமம். 25 சதவீதத்தில் அது 240 கிலோவைத் தாண்டும். நான்கு பேர் பின்னால் தொங்கி இழுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்சிலேட்டருக்குக் கொண்டுபோகும் அந்த ஒரு நொடியில் நான்கு பேரும் இழுத்துவிடுவார்கள்.

அதற்கு மருந்து ஹேண்ட் பிரேக். மேட்டில் நின்றுவிட்டால் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிடுங்கள். முதல் கியர் போட்டு, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் அழுத்தி, கிளட்சை மெல்ல விடுங்கள். ஓர் இடத்தில் காரின் முன்பக்கம் லேசாக நிமிரும், இன்ஜின் சத்தம் கனக்கும். நுகத்தடியில் மாடு கழுத்தைக் கொடுத்துவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தில் ஹேண்ட் பிரேக்கை விட்டால் கார் பின்னால் ஒரு அங்குலம்கூட வராது. பத்து தடவை செய்தால் கைவந்துவிடும். இப்போது பல கார்களில், பிரேக்கிலிருந்து காலை எடுத்த பிறகும் இரண்டு மூன்று நொடி வண்டியைப் பிடித்துவைக்கிற வசதி வந்துவிட்டது. நல்லதுதான். ஆனால் அந்த இரண்டு மூன்று நொடியை நம்பியே ஓட்டப் பழகியவர்கள், அந்த வசதி இல்லாத காரில் ஏறும்போது பின்னால் நிற்கிற பைக்காரரைக் கலங்கடித்துவிடுவார்கள்.

நான் முதலில் செய்த தப்பு வேறு. ஹேண்ட் பிரேக்கே போடாமல், ஹாஃப் கிளட்சில், அதாவது கிளட்சைப் பாதி மட்டும் விட்டு, காரை மேட்டில் தொங்கவிட்டுக்கொண்டு, ஷெட் கதவை அப்பச்சி திறக்கட்டும் என்று காத்திருந்தேன். கார் அசையாமல் நிற்பது ஏதோ பெரிய வித்தை மாதிரி இருந்தது. உள்ளே கிளட்ச் தட்டு தேய்ந்து கருகிக்கொண்டிருந்தது. கருகிய காகித வாடை வந்த பிறகுதான் புரிந்தது. நிற்கப் பிரேக், நகரக் கிளட்ச். நிற்பதற்குக் கிளட்சைப் பயன்படுத்தினால் மெக்கானிக்குக்குத்தான் லாபம்.

அடுத்தது அடி தட்டுவது. சறுக்கு முடிந்து ஷெட் தரை தொடங்கும் இடத்தில் ஒரு முதுகு மாதிரி இருக்கும். முன்சக்கரம் ஷெட்டில், பின்சக்கரம் சறுக்கில் என்று கார் அந்த முதுகின் மேல் நிற்கும்போது, நடுவயிற்றுக்கு அடியில் அந்த முதுகு 15 சென்டிமீட்டர் அளவுக்கு எழும்பி நிற்கும். சின்னக் கார்களுக்குத் தரையிலிருந்து இருக்கும் இடைவெளி 16, 17 சென்டிமீட்டர். தனியாகப் போனால் தப்பித்துவிடலாம். ஐந்து பேரும் ஒரு வாழைத்தாரும் ஏறியிருந்தால் 'க்ரீச்'. இதற்கு இரண்டு வழி: ஆட்களை இறக்கிவிடுவது, அல்லது நேராக ஏறாமல் கொஞ்சம் குறுக்காக, ஒரு சக்கரம் முன்னே ஒரு சக்கரம் பின்னே என்று ஏற்றுவது. தெரு அகலமாக இருந்தால் குறுக்கு வழி நல்ல வழி.

அப்புறம் ஈரம். காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்ட பிறகு சறுக்கில் ஏற்றினால் முன்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றும். இன்றைய சின்னக் கார்களில் பெரும்பாலும் இன்ஜின் முன்சக்கரத்தைத்தான் சுழற்றுகிறது. மேட்டில் ஏறும்போது காரின் பாரம் பின்பக்கம் சாய்வதால், வேலை செய்ய வேண்டிய முன்சக்கரத்தின் மேல் எடை குறைந்துவிடுகிறது. ஆக்சிலேட்டரை இன்னும் மிதித்தால் இன்னும் வேகமாகச் சுற்றுமே தவிர ஏறாது. காலை எடுத்து, கீழே இறங்கி, மெதுவாக மறுபடி வர வேண்டியதுதான். பின்பக்கமாக ஏற்றினால் பிடித்து ஏறும், ஏனென்றால் இப்போது பாரம் விழுவது இழுக்கிற சக்கரத்தின் மேல். பின்பக்கமாக மேடு ஏறுவது புதிய யோசனையும் இல்லை. 1908-ல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில் பெட்ரோல், பம்ப் இல்லாமல் தன் எடையாலேயே இன்ஜினுக்கு வழிந்து வரும். செங்குத்தான மேட்டில் இன்ஜின் டேங்கைவிட உயரப் போய்விட்டால் பெட்ரோல் வராது. அதனால் ரிவர்ஸில் ஏறினார்கள்.

நிறுத்துவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். மேட்டைப் பார்த்து நிறுத்தினால் முதல் கியர், பள்ளத்தைப் பார்த்து நிறுத்தினால் ரிவர்ஸ் கியர், கூடவே ஹேண்ட் பிரேக். ஒருவேளை உருண்டால் சாலை நடுவுக்குப் போகாமல் ஓரத்துக்கு அல்லது மலைப்பக்கம் போய் முட்டும்படி ஸ்டியரிங்கைத் திருப்பி வையுங்கள். சான்பிரான்சிஸ்கோவில் இது சட்டம். 3 சதவீதத்துக்கு மேல் சரிவுள்ள தெருவில் சக்கரத்தைத் திருப்பாமல் நிறுத்தினால் அபராதம். நம் ஊர்ப் பக்கம் சட்டத்துக்குப் பதிலாகக் கல். சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டக் கொடுப்பதைப் போல நம்பகமான பிரேக் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்பது என் அபிப்பிராயம். ஒன்று மட்டும், கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுப் போங்கள். வளைவில் பைக்கில் வருகிறவருக்கு அது எமன்.

தொண்ணூறு லிட்டர் தண்ணீர்

இனி நீளமான விஷயம்.

கொடைக்கானலுக்கு முதல் தடவை நானே ஓட்டிக்கொண்டு போனபோது பக்கத்து இருக்கையில் பெரியப்பா வீட்டு டிரைவர் அண்ணன் இருந்தார். முப்பது வருடம் லாரி ஓட்டியவர். என்னைவிட இருமடங்கு வயது, ஆனாலும் எங்கள் பக்கத்து வழக்கப்படி என்னை 'ஆச்சி' என்றுதான் கூப்பிடுவார். ஏறும்போது ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து இறங்கும்போது பெருமாள்மலையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்ததும் வாய் திறந்தார்.

"ஆச்சி, பிரேக்கு மேலயே கால் குடியிருக்குது. காலை எடுங்க."

"எடுத்தா வண்டி ஓடுதேண்ணே."

"ஓடட்டும். கியரை இறக்குங்க, அது பிடிக்கும்."

நான் கேட்கவில்லை. நாலாவது கியர், காலுக்கடியில் மெலிதாகப் பிரேக், வேகம் முப்பத்தைந்து. எனக்குப் பத்திரமாகத்தான் தெரிந்தது. இன்னும் ஏழெட்டு வளைவு போவதற்குள் வாடை வந்தது. கிளட்ச் வாடை மாதிரி இல்லை. காரமாக மூக்கில் ஏறுகிற வாடை. பிரேக்கை மிதித்தால் கால் வழக்கத்தைவிட ஆழமாகப் போனது. அண்ணன் அப்போது ஒன்றும் பேசவில்லை, கையைக் காட்டினார். மலையோரமாக அகலமான இடம் பார்த்து நிறுத்தினோம். முன்சக்கரத்திலிருந்து லேசாகப் புகை.

அன்றைக்கு என்ன நடந்தது என்பதை வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆட்கள், சாமான் எல்லாம் சேர்த்து 1500 கிலோ எடை. 1800 மீட்டர் உயரத்திலிருந்து கீழே வருகிறது. ஏறும்போது பெட்ரோல் செலவழித்துச் சேர்த்துவைத்த ஆற்றல் முழுவதும் இறங்கும்போது எங்காவது போயாக வேண்டும். மின்சாரக் கணக்கில் சொன்னால் அது ஏழு யூனிட்டுக்கு மேல். அந்த வெப்பத்தை வைத்து 90 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கலாம். விசேஷ வீட்டில் அடுப்பில் ஏற்றுகிற அண்டாவை நினைத்துக்கொள்ளுங்கள். அல்லது வேறு மாதிரி: சமதரையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போய், சுத்தமாக நின்று, மறுபடி 60 எடுத்து, மறுபடி நின்று, இப்படி நூற்றிருபது தடவைக்கு மேல் பிரேக் அடிப்பதற்குச் சமம்.

இதில் ஒரு பகுதியை டயர்களும் எதிர்க்காற்றும் தின்றுவிடும். மிச்சத்துக்கு இரண்டே வழிதான். பிரேக் தட்டு சூடாக வேண்டும், இல்லாவிட்டால் இன்ஜின் அதை வாங்கிக்கொள்ள வேண்டும். நான் மெலிதாக மிதித்துக்கொண்டே வந்ததால், வளைவுக்கு வளைவு பிரேக் ஆறுவதற்குக் கிடைத்திருக்க வேண்டிய நேரத்தையும் பறித்துவிட்டேன். அடுப்பை அணைக்காமலே வந்திருக்கிறேன்.

சூடு ஏறினால் பிரேக் இரண்டு விதமாகக் கைவிடும். தட்டை இறுக்கிப் பிடிக்கிற பிரேக் பேட் அளவுக்கு மீறிச் சுட்டால் உராய்வு குறைந்துவிடும். மிதி இறுக்கமாகவே இருக்கும், ஆனால் வண்டி நிற்காது. இன்னொன்று பிரேக் ஆயில். மிதிக்கிற விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது அந்தத் திரவம்தான். அது கொதித்தால் உள்ளே ஆவிக் குமிழ் உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். அதனால் மிதி பஞ்சு மாதிரி அமுங்கித் தரைக்குப் போகும். எனக்குத் தொடங்கியது இந்த ரகம். கார்களில் ஊற்றுகிற டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியஸ் வரை தாங்கும், டாட் 4 வகை 230 வரை. ஆனால் இந்தத் திரவம் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஈரம் சேர்ந்த பிறகு டாட் 3-க்கு 140 பாகையே எல்லை. என் காரில் அது ஐந்து வருடமாக மாற்றப்படவே இல்லை. சர்வீஸுக்கு விட்ட இடத்தில் யாரும் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள், மலைக்குப் போனாலும் போகாவிட்டாலும்.

புகையைப் பார்த்ததும் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடினேன். அண்ணன் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தார். பழுக்கச் சுட்ட இரும்பில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் தட்டு கோணிவிடும், வெடிக்கவும் வெடிக்கலாம். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். அந்த அரைமணி நேரத்தில்தான் பாடம் நடந்தது.

கியர் எப்படிப் பிடிக்கிறது

"ஏறுன கியர்லயே இறங்கணும் ஆச்சி. அதுக்கு மேல இதுல ஒண்ணும் கிடையாது" என்றார். அதற்கு மேலும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் அவர் சொன்னதுதான் அஸ்திவாரம்.

ஊசியில்லாத சிரிஞ்ச் ஒன்றை எடுத்து, அதன் வாயை விரலால் அடைத்துக்கொண்டு பின்கட்டையை இழுத்துப் பாருங்கள். வராது, மல்லுக்கட்டும். பெட்ரோல் இன்ஜினில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் காற்று போகும் வழி ஏறக்குறைய அடைபட்டுவிடும். உள்ளே பிஸ்டன்கள் அந்தச் சிரிஞ்ச் மாதிரி வெற்றிடத்தை எதிர்த்து இழுக்க வேண்டியிருக்கும். இறக்கத்தில் அவற்றை இழுத்துச் சுற்றவைப்பது யார்? கீழே உருளப் பார்க்கிற சக்கரங்கள். அந்த மல்லுக்கட்டில் காரின் வேகம் மட்டுப்படுகிறது. கியர் குறையக் குறைய, ஒவ்வொரு மீட்டருக்கும் இன்ஜின் அதிகத் தடவை சுற்ற வேண்டும், பிடி அதிகமாகும். இதில் உண்டாகும் சூட்டை வெளியேற்றுவதற்கென்றே ரேடியேட்டரும் சைலன்சரும் இருக்கின்றன. மணிக்கணக்கில் சூட்டைத் தாங்குவதற்காகச் செய்த பாகம் இன்ஜின். பிரேக் அப்படி அல்ல.

டீசல் வண்டிகளில் இந்தப் பிடி பொதுவாகக் குறைவு, காற்று வழியை அடைக்கும் ஏற்பாடு வேறு மாதிரி என்பதால். அதற்காகத்தான் பெரிய லாரிகளில் புகை போகும் வழியை அடைக்கிற எக்ஸாஸ்ட் பிரேக் வைக்கிறார்கள்.

அண்ணனின் விதியில் நான் செய்யும் திருத்தம் இதுதான்: இன்றைய கார்கள் பல மூன்றாவது கியரிலேயே சளைக்காமல் ஏறிவிடும். இன்ஜின் சின்னது, டர்போ போட்டு இழுவையைக் கூட்டியிருப்பார்கள். ஏறும்போது உதவுகிற டர்போ இறங்கும்போது ஒன்றும் செய்யாது. சின்ன இன்ஜினின் சின்னப் பிடிதான் மிஞ்சும். ஆகவே ஏறிய கியர், போதவில்லை என்றால் அதற்கு ஒன்று கீழே. சரியான கியரில் இருக்கிறோமா என்பதற்கு ஒரு சோதனை உண்டு. நேரான இறக்கத்தில் இரண்டு காலையும் எடுத்துவிடுங்கள். வேகம் ஏறாமல் நின்றால் அதுதான் உங்கள் கியர்.

அப்போது இன்ஜின் கத்தும். புதியவர்களுக்கு இதுதான் பெரிய பயம், 'இன்ஜின் போய்விடுமோ' என்று. நிமிடத்துக்கு மூவாயிரம், நாலாயிரம் சுற்று பெட்ரோல் இன்ஜினுக்கு ஒன்றுமே இல்லை. கத்தட்டும். ஆனால் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது சட்டென்று முதல் கியரில் சொருகக் கூடாது. முதலில் பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்து, பிறகு கியரை இறக்க வேண்டும். அதுவும் இறக்கம் தொடங்கும் முன்பே.

பிரேக்கைத் தொடவே கூடாது என்பதில்லை. வளைவுக்கு முன் நன்றாக மிதித்து, நாற்பதை இருபதாக்கி, சுத்தமாகக் காலை எடுத்துவிட வேண்டும். அடுத்த வளைவுவரை அது ஆறும்.

நியூட்ரலில் போட்டு இறக்குவது, சாவியை அணைத்து இறக்குவது ஆகிய இரண்டையும் பெட்ரோல் மிச்சம் என்று செய்கிறவர்களை இன்னும் பார்க்கிறேன். மிச்சமும் கிடையாது. இப்போதைய இன்ஜின்களில், கியரை விடாமல் ஆக்சிலேட்டரிலிருந்து மட்டும் காலை எடுத்து இறங்கும்போது எரிபொருள் போவதையே நிறுத்திவிடுவார்கள், சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் குடிக்க வேண்டும். சாவியை அணைத்தாலோ பிரேக்குக்குத் துணை செய்கிற பூஸ்டர் ஓரிரு மிதிக்குத்தான் வரும். அதற்குப் பிறகு மிதி கல்லாகிவிடும். ஸ்டியரிங்கும் கனத்துவிடும், சாவியை உருவினால் பூட்டியே விடலாம்.

ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்கள் 'டி'-யிலேயே இறங்கினால் வண்டி பல சமயம் மேல் கியருக்குத் தாவிப் பிடியை விட்டுவிடும். 'எல்', '2' அல்லது கையால் கியர் மாற்றும் நிலை, எது இருக்கிறதோ அதற்குப் போய்விடுங்கள். ஸ்கூட்டர்காரர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் வேகம் ரொம்பக் குறைந்தால் கிளட்ச் தானாக விட்டுவிடும், இன்ஜின் பிடி சுத்தமாக இருக்காது. மின்சாரக் கார்களில் இறங்கும்போது மோட்டாரே பிடித்து பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும், அருமையான ஏற்பாடு. ஒரே ஒரு சிக்கல், பேட்டரி ஏற்கெனவே நிரம்பியிருந்தால் ஏற்ற இடம் இருக்காது, பிடியும் குறையும். மலைமேல் விடுதியில் இரவெல்லாம் நூறு சதவீதம் ஏற்றிக்கொண்டு காலையில் இறங்குவது அவ்வளவு புத்திசாலித்தனம் இல்லை.

வளைவின் உள்பக்கம்

2019-ல் கின்னஸ்காரர்கள் 'உலகின் மிகச் செங்குத்தான தெரு' என்ற பட்டத்தைப் பால்ட்வின் தெருவிடமிருந்து பறித்து வேல்ஸில் ஹார்லெக் என்ற ஊரின் தெரு ஒன்றுக்குக் கொடுத்தார்கள். டனீடன்காரர்கள் விடவில்லை. தெருவின் நடுக்கோட்டை வைத்துத்தான் அளக்க வேண்டும் என்று முடிவாகி, 2020-ல் பட்டம் திரும்பி வந்துவிட்டது. வேடிக்கையான சண்டையாகத் தெரியும். ஆனால் மலைப்பாதைக்காரர்களுக்கு இதில் ஒரு சேதி இருக்கிறது. வளைந்த சாலையில் உள்ஓரமும் வெளிஓரமும் ஒரே உயரம்தான் ஏறுகின்றன, உள்ஓரத்துக்குத் தூரம் குறைவு. அதனால் கொண்டை ஊசி வளைவின் உள்பக்கம் எப்போதும் அதிகச் செங்குத்து. நாம் இடப்பக்கம் ஓட்டுவதால், ஏறும்போது இடது கைப்பக்கம் திரும்பும் வளைவில்தான் அந்த உள்பக்கம் நமக்கு வாய்க்கும். வண்டி முனகி நின்றுவிடும் இடம் அது. வளைவுக்கு முன்பே முதல் கியருக்கு வந்துவிடுங்கள். உள்ஓரத்தை உரசாமல், நம் பக்கத்துக்குள்ளேயே கொஞ்சம் அகலமாக எடுங்கள்.

ஒரே ஒரு வண்டி போகும் இடத்தில் எதிரெதிரே சந்தித்தால் ஏறுகிறவருக்கு வழிவிட வேண்டும். இது சட்டமும்கூட. ஏறுகிறவர் நின்றால் மறுபடி கிளப்புவது எவ்வளவு சிரமம் என்பது சறுக்கில் பழகியவர்களுக்குத் தெரியும்.

மழையில் தூரம் விட்டுப் போங்கள். ஈரச் சமதரையில் 30 மீட்டரில் நிற்கிற கார், 10 சதவீத இறக்கத்தில் நிற்க 40 மீட்டர் கேட்கும்.

முதல் மலையாகக் கொடைக்கானலை எடுத்தது என் தப்பு. காரைக்குடியிலிருந்து போகிறவர்களுக்குச் சிறுமலைதான் சரியான பள்ளிக்கூடம். சிங்கம்புணரி, நத்தம் வழியாகத் திண்டுக்கல் போகும் சாலையிலேயே பிரிகிறது. 18 வளைவு, காலையில் போய்ச் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். ஏற்காடு அப்புறம். கொல்லிமலையின் 70 வளைவு அதற்கும் அப்புறம்.

அடுத்த வருடம் சிறுமலைக்கு அண்ணனையும் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டாவது கியரில் கத்திக்கொண்டே இறங்கி வந்து அடிவாரத்தில் நிறுத்தினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் இறங்கி, காரை ஒரு சுற்றுச் சுற்றி, ஒவ்வொரு சக்கரத்துக்கும் அருகே, தொடாமல், புறங்கையைக் காட்டிப் பார்த்தார். ஜுரம் பார்க்கிற மாதிரி.

"முன்னாடி வலதுல மட்டும் லேசா சூடு. டீ குடிச்சுட்டுப் போலாம், ஆச்சி."